பஸ், ஆம்னி பஸ், பேரூந்து: எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

லத்தீனில் பஸ் என்றால் வண்டி என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அந்தத் துண்டுக்குத் தனியாக ஒரு அர்த்தமும் கிடையாது. முழுச்சொல் ஆம்னிபஸ். 'ஆம்னிஸ்' என்றால் எல்லாம், அதன் பன்மையில் நான்காம் வேற்றுமை ஏறினால் ஆம்னிபஸ், அதாவது எல்லோருக்கும். நம் 'எல்லோருக்கும்' என்பதில் முன்பாதியை வெட்டிவிட்டு 'க்கும் வந்துடுச்சு, ஏறு' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி மிஞ்சிய வால்தான் பஸ், பிற்பாடு மினிபஸ், டிராலிபஸ், ஏர்பஸ் என்று கண்டதிலும் ஒட்டிக்கொண்டது.

பஸ் முதலில் ஓடியது லண்டனில்தான் என்பது அடுத்த தவறு. அங்கே ஷில்லிபியர் என்பவர் குதிரை பஸ் விட்டது 1829இல். அதற்கு முன்பே, 1826இல், பிரான்ஸின் நான்த் நகரில் போத்ரி என்பவர் தன் குளியல் நிலையத்துக்கு ஆள் வரட்டும் என்று வண்டி விட்டார், குளிக்க வருகிறவர்களைவிட வழியில் ஏறி இறங்குகிறவர்களே அதிகம் என்று தெரிந்ததும் வண்டியையே தொழிலாக்கிக்கொண்டார். அங்கிருந்த ஓம்னஸ் என்ற தொப்பிக்கடைக்காரரின் பெயர்ப் பலகையிலிருந்துதான் ஆம்னிபஸ் வந்தது என்பார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆதாரம்தான் பலமாக இல்லை. இதையெல்லாம்விடப் பழையது கணித மேதை பாஸ்கல் 1662இல் பாரிஸில் தொடங்கிய வண்டிச் சேவை. ஆனால் அதில் படைவீரர்களும் வேலைக்காரர்களும் ஏறக் கூடாது என்று தடை இருந்தது, ஆக 'எல்லோருக்கும்' என்று அதைச் சொல்ல வழியில்லை.

சரி, நம்மூருக்கு வருவோம். ஆம்னி பஸ் என்றதும் ஏசி, ஸ்லீப்பர், சொகுசு என்று நினைக்கிறோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓட்டுநர் தவிர ஆறு பேருக்கு மேல் ஏற்றும்படி கட்டிய எந்த வண்டியும் ஆம்னிபஸ்தான், டவுன் பஸ்ஸும் அதில் அடக்கம். உண்மையான வித்தியாசம் பெர்மிட்டில் இருக்கிறது. ஸ்டேஜ் கேரேஜ் பெர்மிட் உள்ள பஸ் ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஆளை ஏற்றி இறக்கலாம், கட்டணத்தை அரசு நிர்ணயிக்கும். தனியார் ஆம்னி பஸ்கள் ஓடுவது கான்ட்ராக்ட் கேரேஜ் வகையில், அதில் வழியில் கை காட்டுகிறவரை ஏற்றிக்கொள்ளச் சட்டப்படி இடமில்லை. தீபாவளிக்கு டிக்கெட் விலை எகிறும்போது அரசு பஸ் கட்டணத்தைக் காட்டிச் சண்டை போட்டால் எடுபடாததும் இதனால்தான். மாருதி ஆம்னி வேனைப் பார்த்துத்தான் இந்தப் பெயர் வந்தது என்பதும் தலைகீழ், அந்த வேன் வந்ததே 1984இல், ஆம்னிபஸ் என்ற சொல்லோ குதிரை பஸ் காலத்திலேயே இருந்தது.

கடைசியாக எழுத்துப்பிழை. கடைப் பலகையிலும் அறிவிப்பிலும் 'பேரூந்து' என்று தாராளமாக எழுதுகிறார்கள். பேரூர் சரி, அதில் இருப்பது ஊர். இங்கே இருப்பது உந்து, அதனால் பேருந்து, குறில்தான்.