இரண்டு ஜிபிஎஸ், இரண்டு வேகம்: எதைக் கணக்கில் எழுதுவது?

விண்ட்சர்ஃபிங்கோ, கைட்டோ, விங் ஃபாயிலோ, காற்றை வைத்துத் தண்ணீர்மேல் பலகையில் வேகத்துக்காக ஓடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு ஜிபிஎஸ் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். கரையேறிப் பார்த்தால் மணிக்கட்டு வாட்ச் 33.8 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காட்டும், தோளில் கட்டிய லாகர், அதாவது ஜிபிஎஸ் பதிவுக் கருவி, 31.2 காட்டும். பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளத்தான் மனசு போகும். சிலர் இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவார்கள். அது இன்னும் மோசம்: ஒன்று தவறு என்றால் சராசரியிலும் பாதித் தவறு ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு எண்களும் ஒரே கணக்கில் வந்தவையா என்பதை முதலில் பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

வாட்ச் திரையில் வரும் ‘அதிகபட்ச வேகம்’ பெரும்பாலும் ஒரே ஒரு விநாடியின் எண். லாகர் ஃபைலை மென்பொருளில் திறந்தால் முதலில் வருவது 2 விநாடிச் சராசரி. அதன் பிறகு 10 விநாடி, சிறந்த ஐந்து 10 விநாடிகளின் சராசரி, 500 மீட்டர், கடல் மைல் (1852 மீட்டர்), ஒரு மணி நேரம் என்று வரிசை போகும். 2 விநாடியை 2 விநாடியோடும், 500 மீட்டரை 500 மீட்டரோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். இரண்டு ஃபைலையும் ஒரே மென்பொருளில் திறப்பது இதற்குச் சுலபமான வழி. ஜிபிஎஸ்ரிசல்ட்ஸ், ஜிபிஎஸ் ஸ்பீட்ரீடர் இரண்டும் இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டவை.

அடுத்தது, வேகம் எப்படிக் கிடைத்தது என்பது. ஜிபிஎஸ்ஸில் இதற்கு இரண்டு வழி உண்டு. விநாடிக்கு விநாடி நீங்கள் நின்ற இடத்தைக் குறித்து, இரு புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை நேரத்தால் வகுப்பது ஒன்று. செயற்கைக்கோளிலிருந்து வரும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையின் அதிர்வெண் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து நேரடியாக வேகத்தை எடுப்பது மற்றொன்று. அதுதான் டாப்ளர். அந்த அலையின் நீளம் வெறும் 19 சென்டிமீட்டர். அதனால் திறந்த வானத்தின் கீழ் டாப்ளர் வேகத்தில் பிழை ஒரு நாட் அளவில் சிறு பகுதிக்குள் அடங்கிவிடும். புள்ளிக் கணக்கிலோ இடப்பிழையே மீட்டர் அளவில் வரும். ஃபைலில் ஆயங்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) ஐந்து தசம இடத்தோடு நிறுத்தப்பட்டிருந்தால் அந்த முழுமையாக்கலே அட்சரேகையில் 1.1 மீட்டர் வரை விழுங்கும். விநாடிக்கு ஒரு புள்ளி என்றால் அது மட்டுமே 2 நாட்.

இங்கேதான் ஃபைல் வடிவம் காலை வாரிவிடுகிறது. ஜிபிஎஸ் தடங்களைப் பகிரப் பயன்படும் ஜிபிஎக்ஸ் 1.0 வடிவத்தில் வேகத்துக்கு ஒரு இடம் இருந்தது, 1.1-இல் அதை எடுத்துவிட்டார்கள். உடற்பயிற்சித் தளத்தில் ஏற்றித் திரும்ப இறக்கிய ஜிபிஎக்ஸில் பெரும்பாலும் டாப்ளர் வேகம் இருக்காது. மென்பொருளும் சத்தமில்லாமல் புள்ளிக் கணக்குக்குத் தாவிவிடும். ஆகவே கருவியிலிருந்து நேரடியாக மூல ஃபைலை எடுங்கள்: கார்மினில் எஃப்ஐடி, லோகோசிஸில் எஸ்பிஎன் அல்லது எஸ்பிபி, யூ-ப்ளாக்ஸ் சிப் உள்ள லாகர்களில் யூபிஎக்ஸ். கார்மினில் ‘ஸ்மார்ட் ரெக்கார்டிங்’ இருந்தால் அதை ‘ஒவ்வொரு விநாடியும்’ என்று மாற்றிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். புள்ளிகளை அது தாவித் தாவிப் பதிவு செய்தால் பிறகு எதையும் மீட்க முடியாது.

இரண்டுமே டாப்ளர்தான், ஆனாலும் எண் ஒட்டவில்லை என்றால், எந்தெந்தப் பிரிவில் வித்தியாசம் என்று பாருங்கள். அதுவே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். விநாடிக்கு ஒரு பதிவு எடுக்கும் கருவியில் வேகங்கள் இப்படி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்:

30.9 – 31.2 – 31.0 – 41.1 – 30.8

ஒரே விநாடியில் 10 நாட் ஏறுவது என்றால் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதிக்கு மேல். அடுத்த விநாடியே அதே அளவு இறங்கவும் வேண்டும். எந்தப் பாயும் அப்படி இழுக்காது. இது பொய்யான கூர்முனை. அந்த ஒற்றைப் பதிவு 2 விநாடிச் சராசரியை 5 நாட் தூக்கும், 10 விநாடியை 1 நாட். 500 மீட்டர் ஓட 31 நாட்டில் ஏறக்குறைய 31 விநாடி ஆகும் என்பதால் அதில் 0.3 நாட்தான் கூடும். ஆக, 2 விநாடியில் பெரிய பிளவு, 500 மீட்டரில் கிட்டத்தட்ட ஒற்றுமை என்றால் கூர்முனையைத் தேடுங்கள். மொத்தத் தூரம் மட்டும் ஒன்றில் கூடுதலாக இருந்தால் அது புள்ளிகள் வளைந்து நெளிவதால் வருவது. குறைவாக இருந்தால் திருப்பங்களில் புள்ளிகள் விட்டுப்போயிருக்கும்.

யூபிஎக்ஸ் ஃபைலில் ஒவ்வொரு பதிவோடும் அதன் வேகப் பிழை மதிப்பீடும் இருக்கும். லோகோசிஸ் கருவிகளும் இப்படி ஒன்றைப் பதிவு செய்கின்றன. அதே ஓட்டத்தின் மற்ற இடங்களில் அரை நாட்டுக்குள் இருந்த எண், சண்டைக்குரிய இடத்தில் மட்டும் 2, 3 என்று ஏறி, செயற்கைக்கோள் எண்ணிக்கையும் சரிந்திருந்தால் அந்த ஓட்டத்தை அப்படியே விட்டுவிடுங்கள். கூர்முனையை மட்டும் கையால் அழித்து இடைவெளியை மென்பொருள் நிரப்ப விடுவது ஏமாற்றுவேலை. அடுத்த நல்ல ஓட்டத்தை எடுத்துக்கொள்வதே முறை.

பழி பெரும்பாலும் கருவியில் இல்லை, கட்டிய இடத்தில்தான். கடல்நீர் சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே ஜிபிஎஸ் அலையை அடைத்துவிடும். விழுந்து கை மூழ்கி எழும்போது கருவி தட்டுத்தடுமாறித் திரும்பப் பிடிக்கும் விநாடிகளில்தான் பைத்தியக்கார எண்கள் பிறக்கும். பூமை (பாயைப் பிடிக்கும் கம்பியை) கீழிருந்து பிடிப்பவரின் வாட்ச் முகம் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாயைப் பம்ப் செய்யும்போது, அதாவது விசிறிபோல் இழுத்து ஆட்டும்போது, மணிக்கட்டு விநாடிக்கு 1 மீட்டர் கூடுதலாக முன்னே போனால் அது 1.9 நாட். ஜிபிஎஸ் அதைச் சரியாகத்தான் அளக்கிறது, ஆனால் அளப்பது உங்கள் கையை, பலகையை அல்ல. ஹெல்மெட்டின் மேல் அல்லது தோளின் உச்சியில், வானம் பார்த்து, ஈர நியோப்ரீன் (நீருடையின் ரப்பர் துணி) மூடாமல் கட்டுங்கள். இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஆன் செய்து திறந்த வெளியில் வைத்துவிடுங்கள்.

யூ-ப்ளாக்ஸ் லாகரை நீங்களே அமைப்பதாக இருந்தால் ஒரு பொறி உண்டு. கருவி எப்படி நகரும் என்று சிப்புக்குச் சொல்லும் அமைப்புகளில் ‘கடல்’ என்ற இயக்க மாதிரியைப் பார்த்ததும் நமக்கென்றே செய்தது போலத் தோன்றும். அதன் கிடைமட்ட வேக வரம்பு விநாடிக்கு 25 மீட்டர், அதாவது 48.6 நாட். 2015-இல் நமீபியாவின் லூடெரிட்ஸ் கால்வாயில் ஆன்டுவான் அல்பூ விண்ட்சர்ஃபிங்கில் எட்டியது 53.27. ‘போர்ட்டபிள்’ மாதிரியிலேயே விட்டுவிடுவது நல்லது.

நீரோட்டத்தைக் காரணம் சொல்பவர்களும் உண்டு. இரண்டு ஜிபிஎஸ்ஸும் தரைக்கு எதிரான வேகத்தையே அளக்கின்றன. நீரோட்டம் இரண்டையும் ஒரே மாதிரித்தான் தள்ளும். தண்ணீரில் சுழலும் சக்கர வேகமானியோடு ஒப்பிட்டால் மட்டும் அந்தப் பேச்சு எடுபடும்.

சந்தேகம் தீரவில்லையா? இரண்டையும் காரின் டாஷ்போர்டில் அருகருகே வைத்து, மரமும் கட்டடமும் இல்லாத நேர்ச்சாலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அங்கே 0.3 நாட்டுக்குள் ஒத்துப்போய்க் கடலில் மட்டும் பிரிந்தால் கோளாறு கட்டும் இடத்தில். சாலையிலும் பிரிந்தால் அமைப்பிலோ கருவியிலோ.

எண்ணை எழுதும்போது: வித்தியாசம் இரண்டின் பிழை வரம்புகளையும் கூட்டினால் வரும் அளவுக்குள் இருந்தால் அது முரண்பாடே இல்லை. முதன்மைக் கருவி எது என்று கரையிலேயே முடிவு செய்திருப்பீர்கள், அதன் எண்ணை எழுதுங்கள். முடிவைப் பார்த்த பிறகு முதன்மையை மாற்றக் கூடாது. வித்தியாசம் அதற்கு மேல் என்றால் பிழை மதிப்பீடு குறைந்த கருவிக்கே முன்னுரிமை. அந்த மதிப்பீடு ஒன்றிலுமே இல்லையென்றால் சிறிய எண்.

வேகப் பிரிவுகளில் ஆல்ஃபா 500 மட்டும் தனி ரகம். அதில் ஜைப் அடித்து (காற்று பின்னால் இருக்கும்படி) திரும்பி, தொடங்கிய இடத்துக்கு 50 மீட்டருக்குள் வந்தாக வேண்டும், மொத்த ஓட்டமும் 500 மீட்டருக்குள். வேகம் டாப்ளரில் வந்தாலும் அந்த 50 மீட்டரை இடப்புள்ளிகள்தான் தீர்மானிக்கின்றன. 49 மீட்டரில் முடிந்த ஒரு திருப்பத்தை ஒரு கருவி ஏற்கும், மற்றது 51 என்று தள்ளிவிடும். முதன்மைக் கருவி தள்ளியிருந்தால் அந்த ஆல்ஃபா கிடையாது. அடுத்த முறை இன்னும் இறுக்கமாகத் திரும்புங்கள்.