வீட்டில் ஒரு ரூபாய் வாங்காமல் டிகிரி: முதலில் ஆதாரில் யார் போன் நம்பர் என்று பாருங்கள்

கல்யாணத்துக்குத்தான் சேர்த்து வைப்பேன், காலேஜுக்குத் தரமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். 2022இல் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கி வந்தேன், போன வருடம் பி.எஸ்சி. முடித்தேன். சித்தி பெண்ணுக்கு இப்போது அதே நிலைமை. அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

கல்லூரி. அரசு கலைக் கல்லூரிதான், வேறு பேச்சே வேண்டாம். இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சில்லறைக் கட்டணங்களும் தேர்வுக் கட்டணமும்தான். தங்கவும் சாப்பிடவும் அரசு நலத்துறை விடுதிக்கு எழுதிப் போடுங்கள்.

சான்றுகள். வருமானச் சான்றுக்கு அரசு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். ஒரு வருடம்தான் செல்லும். வீட்டில் காசு கேட்காவிட்டாலும் ரேஷன் கார்டைக் கேட்டே ஆக வேண்டும். நான் அம்மாவிடம் கேட்டேன்.

ஆதார். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். கல்லூரியிலேயே பதிந்துவிடுவார்கள். என்னோடு பதிந்தவர்களுக்கெல்லாம் பணம் வந்தது, எனக்கு வரவில்லை. பாஸ்புக்கை மூன்று முறை என்ட்ரி போட்டேன். வங்கியில் கேட்டால், "ஆதார் லிங்க் ஆகியிருக்கும்மா" என்றார்கள்.

லிங்க் வேறு, சீடிங் வேறு. ஆதார் எண்ணைக் கணக்கில் ஏற்றி வைப்பது லிங்க். அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று என்பிசிஐ (வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்புவதை நடத்தும் தேசிய அமைப்பு) பதிவில் இருப்பது சீடிங். அதில் ஒரு வங்கிதான் இருக்க முடியும். எனக்கு அது பள்ளியில் திறந்த பழைய கணக்கு.

மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் பார்க்கலாம். ஆனால் உள்ளே போக ஓடிபி வேண்டுமே! என் ஆதாரில் இருந்தது அப்பா நம்பர். அவர் எஸ்டேட்டில் மிளகுக் கொடியில் ஏணி போட்டு நிற்பார், அங்கே சிக்னலும் இருக்காது. இறங்கி வந்து எண்ணைப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அதனால் முதலில் ஆதார் மையத்துக்கு நேரில் போய், கைரேகை வைத்து, உங்கள் நம்பரை ஏற்றுங்கள். அதற்கு ஆவணம் எதுவும் கேட்க மாட்டார்கள். அப்புறம் வங்கியில் சீடிங் ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுங்கள். 'லிங்க்' என்று வாயால் சொல்லவே சொல்லாதீர்கள். சில நாள் கழித்து அதே தளத்தில் வங்கி மாறிவிட்டதா என்று பாருங்கள்.

கடன். 4 லட்சம் வரை அடமானம் இல்லை என்பார்கள். சரிதான், ஆனால் பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா போடுவாரா? கலைக் கல்லூரிப் படிப்புக்குக் கடன் தேவையும் இல்லை. மாலையில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் எடை போட்டுக் கணக்கு எழுதினேன்; பஸ், ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் அதில் ஓடியது.

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டதால் சேர்த்தது: பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் இருக்கிறது, அதே 1,000 ரூபாய். எஸ்சி, எஸ்டி என்றால் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகையும் உண்டு. நம் மலைப்பக்கத்து எஸ்டி பிள்ளைகளுக்கு ஒரு விஷயம்: உங்கள் சாதிச் சான்றில் கையெழுத்துப் போடுவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். நாளாகும். பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பம் போடுங்கள்.