வேதபாடத்துக்குத் தாள் எழுதும்போது செய்யும் தவறுகள்

வேதாகம வகுப்பு எடுக்கிறவர் கையில் கொண்டுபோகும் குறிப்பைத்தான் தாள் என்கிறேன். முதல் தவறு, அந்தத் தாளே இல்லாமல் போய் நிற்பது. இதற்குத் துணையாகப் பலரும் 81ஆம் சங்கீதத்தைத்தான் எடுப்பார்கள்: "உன் வாயை விரிவாய்த் திற, நான் அதை நிரப்புவேன்." அந்தச் சங்கீதத்தைக் கடைசிவரை வாசித்தால் உச்சிதமான கோதுமையும் கன்மலையின் தேனும் வருகின்றன. வாயை நிரப்பப்போவது சாப்பாடு, பேச்சு இல்லை! மத்தேயு 10:19இல் என்ன பேசுவோம் என்று "கவலைப்படாதிருங்கள்" என இயேசு சொன்னது அதிபதிகளுக்கு முன்பாக இழுத்துச் செல்லப்படுகிறவர்களுக்கு. புதன்கிழமை ஏழு மணிக்கு வகுப்பு என்று போன வாரமே தெரிந்தவருக்கு அந்த வசனம் உதவாது.

சரி, பயந்துபோய் முழுவதையும் எழுதுகிறோம். அப்புறம் அடுத்த தவறு. பேனாவை எடுத்ததுமே நம் தமிழ் மாறிவிடுகிறது. லூக்கா 15இல் வரும் கெட்ட குமாரன் கதையை முதன்முதலில் எடுத்தபோது நான் எழுதிய வரி இது: "தகப்பனுடைய வீட்டைவிட்டுப் புறப்பட்டுச் சென்ற இளைய குமாரனானவன் தன் ஆஸ்தியை அழித்துப்போட்டதினிமித்தம் அடைந்த நிலையானது நமக்கு உணர்த்துவது யாதெனில்..." வாசிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. முன்வரிசைப் பாட்டி ஒருவர் வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். இப்போது அதே இடத்தை இப்படி எழுதுகிறேன்: "சின்னவன் பங்கு கேட்கிறான். அப்பா உயிரோடு இருக்கிறார். நம் ஊரில் இப்படிக் கேட்டால் என்ன பேசுவார்கள்?" வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால் போதும். வாயில் வராத வாக்கியத்தை அங்கேயே அடித்துவிடலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரசங்கியார் ஸ்பர்ஜனின் அச்சான பிரசங்கங்களைப் பார்த்துவிட்டு, அவர் அத்தனையையும் எழுதி எடுத்துக்கொண்டுதான் மேடை ஏறினார் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் கையில் இருந்தது சில வரிக் குறிப்புகள். லண்டனில் அவர் பேசப் பேசச் சுருக்கெழுத்தில் எடுத்தார்கள்; பிறகு அவரே திருத்தி அச்சுக்குக் கொடுத்தார். அதற்கு முந்தின நூற்றாண்டில், அமெரிக்காவில் இருந்த ஜோனத்தன் எட்வர்ட்ஸ் என்ற பிரசங்கியார் பல வருடம் முழுப் பிரசங்கத்தையும் கையடக்கமான தையல் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார். 1740களில்தான் சுருக்கக் குறிப்புகளுக்கு மாறத் தொடங்கினார். எனவே முழுதாக எழுதுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஸ்பர்ஜனின் படிப்பை விட்டுவிட்டு அவருடைய துண்டுத்தாளை மட்டும் காப்பியடிப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் முழுதாக எழுதுவது நான்கு இடங்களை: தொடக்கம், ஒரு கருத்திலிருந்து அடுத்ததற்குத் தாண்டும் வரி, முடிவு, அப்புறம் வாய் தவறினால் ஆளைக் காயப்படுத்தும் பகுதி. மல்கியா 2இல் தள்ளிவிடுதலை, அதாவது மனைவியை விலக்கிவிடுவதைப் பற்றிப் பேசும்போது, கணவர் விட்டுப்போன ஒரு பெண் எதிரில் உட்கார்ந்திருக்கலாம். அங்கே எனக்கு அப்போதைக்கு வரும் வார்த்தையை நம்ப மாட்டேன். கதைக்கும் உதாரணத்துக்கும் ஒரு சொல் எழுதினாலே ஞாபகம் வந்துவிடும்.

வசன எண்ணைச் சுருக்கி எழுதுவதில் ஒரு பொறி இருக்கிறது. "யோ. 2:4" என்று குறித்துவைத்தால், மேடையில் யோசுவா, யோபு, யோவேல், யோனா, யோவான் ஐந்து பேரும் வந்து நிற்பார்கள், ஐந்திலும் 2:4 உண்டு. பெயரை முழுதாக எழுதுங்கள். ஆனால் வசனத்தைத் தாளிலிருந்து வாசிக்காமல், வேதாகமத்தைத் திறந்தே வாசியுங்கள். நீங்கள் பக்கம் புரட்டுகிற நேரத்தில்தான் அவர்களும் தேடி எடுப்பார்கள்.

பக்க எண் போட மறக்க வேண்டாம். மேலே ஃபேன் ஓடுகிறது. குறிப்பு மொபைலில் இருந்தால் முதலில் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். "பார்வோனுடைய இருதயம் கடினப்பட்டது" என்று சொல்லி, நான் அழுத்தமாக ஒரு நிமிடம் நிறுத்தினேன். அந்த நிசப்தத்தில்தான் லோன் வேண்டுமா என்று கேட்டு ஒரு கால் வந்தது.