மிஸ்த்ராஸ் கோட்டையை உச்சியிலிருந்து பார்த்துக்கொண்டு இறங்குவது எப்படி

தென் கிரேக்கத்தில், ஸ்பார்ட்டா நகருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், தாய்கெட்டோஸ் மலையை ஒட்டிய குன்றின் சரிவு முழுவதும் மிஸ்த்ராஸ் நகரின் இடிபாடுகள் பரவிக் கிடக்கின்றன. இவ்வளாகத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு நுழைவாயில்கள் உண்டு. கீழ்வாயிலில் தொடங்குபவர்கள் தேவாலயங்களைச் சுற்றியே களைத்துப்போய், உச்சிக் கோட்டையை அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள நேரலாம். வெயில் ஏறுமுன் மேல்வாயில் வழியாக நுழைந்து, முதலில் கோட்டைக்கு ஏறிவிடுங்கள். கோட்டை முதலில் எழுந்து, ஊர் அதன் காலடியில் பின்னர் வளர்ந்ததால், இறங்கும் வழியே ஏறத்தாழ வரலாற்றின் வரிசையாகவும் அமைந்துவிடுகிறது.

கோட்டையை 1249இல் கட்டியவர் அக்காயாவின் (தென் கிரேக்கத்தில் மேற்கு ஐரோப்பியச் சிலுவைப்போர் வீரர்களான பிராங்கியர் நிறுவிய சிற்றரசு) இளவரசரான இரண்டாம் வில்லியம். அவர் அதை ஆண்டது சொற்ப காலமே: 1259இல் பெலகோனியாப் போரில் பைசாந்தியரிடம், அதாவது கிழக்கு ரோமப் பேரரசினரிடம், சிறைப்பட்டு, விடுதலைக்கு ஈடாக மொனெம்வாசியா முதலிய கோட்டைகளோடு இதையும் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. பைசாந்தியரும் துருக்கியரும் பின்னர் மதில்களைப் பழுதுபார்த்து மாற்றியிருப்பதால், ஒவ்வொரு கல்லையும் பிராங்கியருடையது என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரு மதில் வளையங்களின் அமைப்பில்தான் பழைய திட்டம் தெரிகிறது. மதிலோரத்தில் நின்று எவ்ரோட்டாஸ் சமவெளியைப் பார்த்தால், இடத்தேர்வுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இறங்கும்போது வழுவழுப்பான கற்படிகளில் கால் வழுக்கும். பிடிமானமுள்ள காலணியும் போதிய தண்ணீரும் கட்டாயம். பைசாந்திய ஆளுநர்களின் அரண்மனையைக் கடந்து, மொனெம்வாசியா வாயில் வழியாகக் கீழ்நகருக்கு வரலாம். பாந்தனாசா மடத்தில் கன்னியாஸ்திரீகள் இன்றும் வாழ்வதால், அடக்கமான உடையில் சென்று குரல் தாழ்த்திப் பேசுவது முறை.

நேரம் குறைவாயினும் கீழ்வாயில் அருகிலுள்ள புனித தெமேத்ரியோஸ் தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். 15ஆம் நூற்றாண்டில் அதற்கு மேல்தளம் எழுப்பியபோது, நடுக்கூடத்துச் சுவரோவியங்களின் மேற்பகுதி பறிபோனது. அங்கே கீழ்ப்பாதி மட்டும் எஞ்சிய உருவங்களைக் காணலாம். பிறகு தரையைக் கவனியுங்கள்: இரட்டைத்தலைக் கழுகு செதுக்கிய பலகைக்கல் ஒன்று பதிந்திருக்கிறது. கடைசிப் பைசாந்தியப் பேரரசரான பதினோராம் கான்ஸ்டன்டைன் 1449 ஜனவரியில் முடிசூடியது இக்கல்லின்மேல்தான் என்பது மரபு. மிஸ்த்ராஸில் அவர் பேரரசரானது வரலாறு, கல்லைப் பற்றிய பகுதி நம்பிக்கை.