இட்லி மாவும் பருப்புப் பொடியும் இருந்தால் போதும்: சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டென்று செய்யும் சாப்பாடு

இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளை தட்டைத் தள்ளிவிடுகிறது என்றால், பெரும்பாலும் அதற்கு அந்த நேரத்தில் பசியில்லை, அவ்வளவுதான். எழுந்ததும் ஒரு டம்ளர் பால், பத்து மணிக்குப் பிஸ்கட், பக்கத்து வீட்டில் கொடுத்த மிக்சர், பன்னிரண்டு மணிக்கு அழுகிறதே என்று மறுபடியும் பால். இதற்கப்புறம் ஒரு மணிக்குச் சோற்றைப் பிசைந்து கொண்டுபோனால் வாயை இறுக்கி மூடிக்கொள்ளத்தான் செய்யும். அதனால் என்ன சமைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் நேரத்தைச் சரிசெய்யுங்கள். மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு தடவை சிறுதீனி, இடையில் இரண்டரை மணி நேரமாவது தண்ணீர் மட்டும். பால் ஒரு நாளைக்கு மொத்தமாக அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிறு முழுக்கப் பாலாலேயே நிறைந்தால் ரத்தசோகை வரும்.

அளவைப் பற்றியும் பயப்பட வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒன்றரை இட்லி ஒரு முழு வேளைச் சாப்பாடு. முதலில் கொஞ்சமாக வையுங்கள், கேட்டால் இன்னும் கொடுங்கள், போதும் என்றால் தட்டை எடுத்துவிடுங்கள். எடை ஏறவே இல்லை, முகம் வெளுத்திருக்கிறது, எப்போதும் சோர்வாகவே இருக்கிறது என்றால் மட்டும் காத்திருக்காமல் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். பிள்ளைக்கென்று தனிச் சமையல் செய்ய ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் களைத்துப்போவீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாவையும் சோற்றையும் பருப்பையும் கொண்டே பத்து நிமிடத்தில் செய்யலாம்.

என் கணக்கில் முதலிடம் குழிப்பணியாரத்துக்கு. ஒருநாள் புளித்த இட்லி மாவு மூன்று கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன கேரட்டைத் துருவி, நாலைந்து சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, அரை ஸ்பூன் எண்ணெயில் இரண்டு நிமிடம் வதக்கி மாவில் போடுங்கள். வதக்காமல் பச்சையாகப் போட்டால் பணியாரம் வெந்த பிறகும் கேரட் நறுக்கென்று இருக்கும், பிள்ளை அதை நாக்காலேயே பிரித்துத் துப்பிவிடும். முட்டை சாப்பிடும் வீடாக இருந்தால் ஒரு முட்டையை நன்றாக அடித்து இதிலேயே ஊற்றிக் கலக்குங்கள், பணியாரம் பஞ்சு மாதிரி வரும். குழிகளில் துளி நெய் விட்டு, முக்கால் குழி அளவுக்கு மாவு ஊற்றி மூடி, தீயை மிதமாக வையுங்கள். ஓரம் குழியை விட்டு விலகியதும் குச்சியால் திருப்பிவிட வேண்டியதுதான். கையில் பிடித்துக் கடிக்க வசதியாக இருப்பதால் ஊட்டிவிட வேண்டிய வேலையே இல்லை. கேரட்டுக்குப் பதிலாகப் பீட்ரூட், சுரைக்காய், பொடியாக அரிந்த முருங்கைக்கீரை என்று நாளுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது பருப்புப் பொடி. இது ஒரு டப்பா இருந்தால் எந்த அவசரத்தையும் சமாளிக்கலாம். துவரம்பருப்பு ஒரு கப், பொட்டுக்கடலை அரை கப், சீரகம் ஒரு ஸ்பூன், மிளகு அரை ஸ்பூன், பூண்டு நாலு பல், கொஞ்சம் பெருங்காயம், உப்பு. காய்ந்த மிளகாய் வேண்டாம், மிளகின் காரமே போதும். துவரம்பருப்பைச் சின்னத் தீயில் பொறுமையாக வறுக்க வேண்டும். தீயைக் கூட்டினால் வெளியே சிவந்து உள்ளே பச்சை வாடை நிற்கும், பிறகு வயிறு உப்புசம்தான். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைக் கழுவி, துணியில் பரப்பி நிழலில் காயவைத்து, கடைசியில் வாணலியில் போட்டுப் புரட்டுங்கள். கையில் நொறுக்கினால் பொடியாக வேண்டும், அதுதான் பதம். எல்லாவற்றையும் ஆறவிட்டு அரைத்தால் ஒரு மாதத்துக்குக் கவலையில்லை. சூடான சோற்றைக் குழைய மசித்து, ஒரு ஸ்பூன் பொடி, ஒரு ஸ்பூன் நெய் போட்டுப் பிசைந்து கொடுங்கள். சாப்பாட்டோடு ஒரு துண்டு ஆரஞ்சோ, விதை எடுத்த கொய்யாவோ கொடுத்தால் பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். அதே நேரத்தில் டீயோ காபியோ கொடுத்தால் சேர விடாது. சின்னப் பிள்ளைக்கு டீ எதற்கு என்று கேட்பீர்கள், ஆனால் அரை டம்ளர் டீயில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுக்கிற வீடுகள் இன்றும் நிறைய இருக்கின்றன.

கேழ்வரகைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அதே எடைப் பாலில் 120 அளவுதான். ஆனால் கூழாகக் காய்ச்சிக் கொடுத்தால் அந்த வழவழப்பும் நிறமும் பிடிக்காமல் பல பிள்ளைகள் தொடுவதே இல்லை. தோசையாக ஊற்றுங்கள். இட்லி மாவு மூன்று கரண்டிக்குக் கேழ்வரகு மாவு இரண்டு கரண்டி, தண்ணீர் விட்டுக் கரைத்துக் கால் மணி நேரம் வைத்திருந்து, மெல்லிசாக ஊற்றி ஓரம் மொறுமொறுவென்று எடுத்தால் அப்பளம் தின்கிற பிள்ளை இதையும் தின்னும்.

பயறு வகைகளைச் சுண்டலாகக் கொடுப்பதைவிட மசித்துக் கொடுப்பது நல்லது. முளைகட்டிய பாசிப்பயறை நன்றாக வேகவைத்து (பச்சையாக வேண்டாம், முளைவிட்ட பயறில் கிருமிகள் இருக்கலாம்), ஒரு உருளைக்கிழங்கோடு சேர்த்துப் பிசைந்து, சீரகம், கொத்தமல்லித்தழை போட்டு, வடை மாதிரி தட்டி தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க எடுங்கள். நேற்று மிஞ்சிய சுண்டலையும் இப்படியே தீர்த்துவிடலாம்.

சாயங்காலம் நாலு மணிப் பசிக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகவைத்தது, தேங்காய்த் துருவலும் மசித்த வாழைப்பழமும் போட்ட அவல், இட்லித் தட்டில் அவித்த பிடிகொழுக்கட்டை. மெல்லிய அவலை அலசிப் பிழிந்தாலே போதும், கெட்டி அவலுக்குப் பத்து நிமிடம். கறுத்துப்போன வாழைப்பழம் இருந்தால் கோதுமை மாவு, ஏலக்காய் சேர்த்துக் கரைத்துக் குட்டிக் குட்டித் தோசையாக ஊற்றுங்கள், சர்க்கரையே வேண்டாம். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே சர்க்கரைதான், அள்ளிப் போட வேண்டாம். இரண்டு வயது வரை எதுவுமே சேர்க்காமல் இருப்பது நல்லது. ஒரு வயதுக்குள் தேனைத் தொடவே கூடாது, சேனை வைப்பது உட்பட. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும்.

தொண்டையில் சிக்குகிற பொருள்களில் தயவுசெய்து கவனமாக இருங்கள். நாலைந்து வயது வரை முழு நிலக்கடலை, முழு முந்திரி, கடலை மிட்டாய், பாப்கார்ன் வேண்டாம். நிலக்கடலையைப் பொடித்து உருண்டை பிடித்துக் கொடுக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்க வேண்டும், கொண்டைக்கடலையை நசுக்க வேண்டும். ஓடிக்கொண்டோ படுத்துக்கொண்டோ சாப்பிட விடாதீர்கள்.

கடையில் டப்பாவில் விற்கிற, பாலில் கலக்கிற சத்துபானப் பவுடர் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். டப்பாவைத் திருப்பி 100 கிராமில் சர்க்கரை எவ்வளவு என்று படித்துப் பாருங்கள், நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இந்த வகைப் பானங்களை ‘ஹெல்த் ட்ரிங்க்’ என்ற பிரிவில் போட்டு விற்க வேண்டாம் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவை வாங்கி வந்து மூலையில் போடாமல் பயன்படுத்துங்கள், அடையாகவும் கொழுக்கட்டையாகவும் நன்றாகவே வரும்.

காய் பிடிக்காத பிள்ளைக்கு ஒளித்துவைத்து மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் காயின் முகமே தெரியாமல் வளரும். பணியாரத்துக்குள் போடுகிற அதே கேரட்டை வேகவைத்து, நகத்தளவு ஒரு துண்டைத் தட்டின் ஓரத்திலும் வையுங்கள். சாப்பிடச் சொல்லாதீர்கள், சாப்பிடாவிட்டால் பேசவும் பேசாதீர்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சாப்பிடுங்கள். எட்டு, பத்து தடவை கண்ணில் பட்ட பிறகுதான் பல பிள்ளைகள் வாயில் வைத்தே பார்க்கும். ‘கேரட் தின்றால் சாக்லேட்’ என்று பேரம் பேசினால் சாக்லேட்தான் உசத்தி என்று அது புரிந்துகொள்ளும். போனைக் காட்டி ஊட்டுவதும் வேண்டாம், எவ்வளவு உள்ளே போனது என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது.

பள்ளிக்குக் கொடுத்தனுப்ப தயிர்சாதம்தான் சுலபம். காலையில் சோற்றைச் சூட்டோடு மசித்து, காய்ச்சிய பால் ஊற்றி, வெதுவெதுப்பானதும் ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்துக் கிளறினால் மதியம் புளிக்காமல் சரியாக உறைந்திருக்கும். கடுகு தாளித்து, துருவி வதக்கிய கேரட்டும் கொஞ்சம் மாதுளை முத்தும் கலந்துவிடுங்கள். புது டப்பா வாங்கினால் பிள்ளை அதைத் தானே திறக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு அனுப்புங்கள். மூடி திறக்க வராமல், டீச்சரிடம் கேட்கவும் கூச்சப்பட்டு, சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவரும் பிள்ளைகள் உண்டு.