முதல் லோ-பாஸ் ப்ளக்இன்: 'பழைய' மாறியை எங்கே வைப்பது?

செயல்திட்டத்துக்காக ஒலி ப்ளக்இன் (ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் இயங்கும் சிறு நிரல்) எழுதத் தொடங்கும் மாணவர்கள், ரிவர்பில் (எதிரொலிப்பு விளைவில்) கைவைக்காமல், ஒரே கெழு (பெருக்கும் எண்) கொண்ட லோ-பாஸ் வடிகட்டியில், அதாவது தாழ்ந்த அதிர்வெண்களை விட்டு உயர்ந்தவற்றைக் குறைப்பதில், தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஜூஸ் என்ற சி++ ஒலி நூலகத்தை நிறுவி, வெற்று ப்ளக்இன் ஒன்றைத் தொகுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கெழுவைக் கணக்கிட வேண்டும். வெட்டு அதிர்வெண் என்பது எதற்கு மேல் ஒலியைக் குறைக்க வேண்டும் என்ற எல்லை; மாதிரி வீதம் என்பது நொடிக்கு எத்தனை சாம்பிள்கள் (ஒலியின் அளவீடுகள்) என்பது; எக்ஸ்ப் என்பது அடுக்குக்குறிச் சார்பு.

கெழு = 1 − எக்ஸ்ப்(−6.2832 × வெட்டு அதிர்வெண் ÷ மாதிரி வீதம்)

இதைக் கன்ஸ்ட்ரக்டரில் எழுதக் கூடாது. மாதிரி வீதம் தெரியவருவது, ஒலி ஓடத் தொடங்கும் முன் 'ப்ரிப்பேர் டு ப்ளே' அழைக்கப்படும்போதுதான். 44,100 என்று நிலையாக எழுதிவிட்டால், 48,000இல் இயக்கும்போது 1,000 ஹெர்ட்ஸ் வெட்டு ஏறக்குறைய 1,088 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும்.

அடுத்து, ஒலியின் ஒவ்வொரு துண்டுக்கும் (ப்ளாக்) அழைக்கப்படும் 'ப்ராசஸ் ப்ளாக்' உள்ளே ஒவ்வொரு சாம்பிளுக்கும் இந்த இரண்டு வரிகள்:

வெளியீடு = பழைய + கெழு × (உள்ளீடு − பழைய)
பழைய = வெளியீடு

முந்தைய வெளியீட்டை வைத்திருக்கும் இந்தப் 'பழைய' மாறியில்தான் நான் இரண்டு மாலைகளைத் தொலைத்தேன். அதை ப்ராசஸ் ப்ளாக்கின் முதல் வரியிலேயே சுழியம் என்று அறிவித்திருந்தேன். வெட்டு 8,000 ஹெர்ட்ஸில் இருந்தவரை பிழை காதில் விழவில்லை. 200க்கு இறக்கியதும் பேஸ் கிட்டாரின் அடியில் வண்டு முரல்வதைப் போன்ற இரைச்சல் எழுந்தது. கேபிளையெல்லாம் மாற்றிப் பார்த்துச் சலித்தபின், தற்செயலாக பஃபர் அளவை (ஒரு ப்ளாக்கிலுள்ள சாம்பிள்களின் எண்ணிக்கையை) 512இலிருந்து 256ஆகக் குறைத்தேன். இரைச்சல் சரியாக ஒரு ஸ்தாயி மேலேறியது. 48,000ஐ 512ஆல் வகுத்தால் 93.75, 256ஆல் வகுத்தால் 187.5; நொடிக்கு அத்தனை ப்ளாக்குகள். ஒவ்வொரு ப்ளாக்கின் தொடக்கத்திலும் வடிகட்டி தன் நினைவை இழந்து, சுழியத்திலிருந்து மீண்டும் ஏறிக்கொண்டிருந்தது.

ஆகவே அந்த மாறியை வகுப்பின் உறுப்பாக வைத்து, ப்ரிப்பேர் டு ப்ளேயில் மட்டும் சுழியமாக்குங்கள். ஸ்டீரியோ ஒலியின் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு வேண்டும். ஒன்றையே பகிர்ந்தால், இடப்பக்கம் முடிந்த மதிப்பிலிருந்து வலப்பக்கம் தொடங்கும்.

சோதிப்பதற்கு ஜூஸுடனேயே வரும் ஆடியோ ப்ளக்இன் ஹோஸ்ட் (ப்ளக்இனை ஏற்றி இயக்கிப் பார்க்கும் சிறு நிரல்) போதும். ஒவ்வொரு தொகுப்புக்கும் முழு ஒலிப்பதிவு மென்பொருளைத் திறப்பது வீண் வேலை.

பிற்சேர்க்கை: வெட்டு அதிர்வெண்ணை மாற்றும் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வருவதாக வாசகர்கள் சிலர் எழுதியிருந்தனர். கெழு திடீரெனத் தாவுவதே காரணம். மதிப்பைப் படிப்படியாக மாற்றும் 'ஸ்மூத்டு வேல்யூ' வகுப்பைக் கொண்டு அதை 20 மில்லிநொடியில் நகர்த்துங்கள். ஆனால் சேனல் (இட, வலப் பக்கங்கள்) சுற்றை (லூப்) வெளியிலும் சாம்பிள் சுற்றை உள்ளேயும் வைத்திருந்தால், இடப்பக்கம் நகர்த்தி முடித்த கெழுவே வலப்பக்கத்துக்குக் கிடைக்கும். சாம்பிள் சுற்றை வெளியே கொண்டுவந்து, சாம்பிளுக்கு ஒரே முறை அடுத்த மதிப்பைப் பெற்று, அதையே இரு பக்கங்களுக்கும் பயன்படுத்த வேண்டும்.