ஸ்டீரிங் அலைகிறதா? பாக்ஸ் ஸ்க்ரூவைக் கடைசியாகத் தொடுங்கள்

நான் ஓட்டுவது பழைய நாலு சக்கர டிரைவ் பிக்கப். முன்னாலும் பட்டை ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புப் பட்டைகள்), இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே நீளமான ஆக்சில், பவர் ஸ்டீரிங் கிடையாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, அதற்கு மேல் எஸ்டேட் கல் ரோடு. போன மழைக்குப் பிறகு வண்டி நேராகவே போகவில்லை. இடமும் வலமும் பிடித்துப் பிடித்து ஓட்ட வேண்டியிருந்தது.

பட்டறையில் ஸ்டீரிங் பாக்ஸ் (ஸ்டீரிங் சுழற்சியைச் சக்கரத்தைத் திருப்பும் அசைவாக மாற்றும் பற்சக்கரப் பெட்டி) மேல் உள்ள ஸ்க்ரூவை முறுக்கிக் கொடுத்தார்கள். கையில் ஆட்டம் குறைந்தது. ஆனால் அடுத்த வளைவில் திருப்பிய ஸ்டீரிங் தானாகத் திரும்பி வரவில்லை, நான்தான் இழுத்து நேராக்கினேன். அந்தப் பக்கம் பள்ளம். அன்றே வண்டியை ஓரம் கட்டினேன்.

ஆட்டம் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே ஒருவரை ஸ்டீரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரல் வையுங்கள். பாக்ஸிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம், அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் என்ற கம்பி, இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்ட் என்று வரிசையாக வாருங்கள். ஒரு பக்கம் அசைந்து அடுத்த பக்கம் தாமதமாக அசைந்தால் தேய்மானம் அங்கேதான். எனக்கு டிராக் லிங்க் எண்டில் 'டக்' என்று விரலில் தட்டியது. கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அப்படியே பாக்ஸைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். பாக்ஸே நகர்ந்தால் வேறு எதை மாற்றியும் பயனில்லை.

அப்புறம் முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின், அதாவது சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு. கிங் பின்னில் இடையே இருக்கும் மெல்லிய சிம் தகட்டைக் கழற்றி இறுக்கலாம், பேரிங்கில் குழி விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஷாக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் தகடு) புஷ், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் இரண்டையும் மறக்காதீர்கள். அவை தளர்ந்தால் ஆக்சிலே நகரும்.

வண்டியை உயர்த்த நீளமான ஷாக்கிள் போட்டவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கிங் பின்னின் தலை, சைக்கிள் ஃபோர்க் போல, பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். ஷாக்கிள் அந்தச் சாய்வைக் குறைத்தால் எல்லாம் புதிதாக இருந்தாலும் வண்டி அலையும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துச் சாய்வைத் திருப்பிக் கொண்டுவரலாம்.

டை ராட் எண்ட் மாற்றினால் டோவைப் பாருங்கள், அதாவது இரண்டு முன் டயரும் முன்பக்கம் எவ்வளவு உள்ளே சாய்ந்து நிற்கின்றன என்பதை. இரண்டு டயரிலும் சாக்பீஸ் கோடு போட்டு, அந்தக் கோடுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை டேப்பால் டயரின் முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து பாருங்கள். என் வண்டிக்கு முன்பக்கம் 2 மில்லிமீட்டர் குறைவாக வைத்தேன். உங்கள் வண்டிக்கு மேனுவல் சொல்லும் அளவை வையுங்கள்.

இதற்குப் பிறகும் ஆட்டம் மிச்சமிருந்தால் பாக்ஸ் ஸ்க்ரூ. சக்கரங்கள் நேராக இருக்கும்போது மட்டும் முறுக்குங்கள். உள்ளே பற்கள் மிக இறுக்கமாகக் கவ்வுவது அந்த நிலையில்தான். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, லாக் நட்டைப் போட்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றிப் பாருங்கள். நடுவில் பிடித்தால் உடனே தளர்த்துங்கள்.

கழற்றிய ஒவ்வொரு மூட்டுக்கும் நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போட்டு, கிரீஸ் அடித்து, முதலில் ஆள் இல்லாத சமதள ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். மலை அப்புறம்.